இரண்டாவது கியரில் இறங்கவும்

தமிழ்நாட்டில் தீராத வழக்குகள் சில உண்டு. கோர்ட்டில் நடப்பவற்றைச் சொல்லவில்லை. அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது வீட்டுத் திண்ணையில் நடக்கிற வழக்குகள். எம்.ஜி.ஆரா, சிவாஜியா? கவாஸ்கரா, டெண்டுல்கரா? சாம்பாரில் முருங்கைக்காயா, சின்ன வெங்காயமா? இந்த வரிசையில் நாலாவதாக ஒன்று: அம்பாசடரா, மாருதி 800-ஆ?

முதல் மூன்றுக்கும் தீர்ப்பு சொல்லி விரோதம் சம்பாதிக்க எனக்குத் தெம்பு இல்லை. நாலாவதில் மட்டும் 2025 அக்டோபரில் வசமாக மாட்டிக்கொண்டேன். குன்னூரில் இருக்கும் சித்தப்பா ஃபோன் பண்ணினார்.

"கண்ணு, ஒரு பஞ்சாயத்து இருக்குது. ரெண்டு நாள் வந்துட்டுப் போ."

"சொத்துத் தகராறுங்களா சித்தப்பா?"

"ஆமா. அசையும் சொத்து."

விவகாரம் இதுதான். சித்தப்பா ஒரு டீ எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஃபீல்டு ஆபீஸராக இருந்து ரிடையர் ஆனவர். வயசு 84. எஸ்டேட் கம்பெனி புது வண்டி வாங்கியபோது கழித்துக்கட்டிய 1968 மாடல் அம்பாசடரை 1979-ல் வாங்கினார். அவர் மகன் வேலைக்குப் போய், 1994-ல் சொந்த சம்பளத்தில் ஒரு மாருதி 800 வாங்கினான். மூன்று வருஷப் பழசு. அப்பாவிடம் பைசா வாங்காமல் வாங்கிய முதல் பொருள். வீட்டுக்குக் கீழே சரிவில் இரண்டு ஷெட், இரண்டு கார், இரண்டு ஆண்பிள்ளைகள். எல்லாம் சுமுகமாகத்தான் இருந்தது.

2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சித்தப்பா வீட்டில் நல்லவேளை ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஷெட் மட்டும் பள்ளத்தில் போய்விட்டது. அன்றிலிருந்து ஏதாவது ஒரு வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வெளியில் நிற்கிறது. குன்னூர் மழைக்கும் பனிக்கும் தார்ப்பாய் என்ன செய்யும்? ஆறு மாசம் ஒன்று துருப்பிடிக்கும், ஆறு மாசம் மற்றது.

அதோடு 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார், இருபது வருஷம் தாண்டிய கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பத்தாயிரம் ரூபாயாக்கிவிட்டது. இரண்டு வண்டிக்கு இருபதாயிரம். இன்ஷூரன்ஸ், பசுமை வரி, தகுதிச் சான்றுக்கான ரிப்பேர் எல்லாம் தனி. ஆகவே ஏதாவது ஒன்று போக வேண்டும். எது?

"நீதான் பத்திரிகையில ஊரு நியாயமெல்லாம் எழுதறியே. இதுக்கும் ஒரு நியாயம் சொல்லு" என்றார் சித்தப்பா.

"அண்ணா, அப்பா பேச்சைக் கேட்காம, நீங்களா பார்த்துச் சொல்லுங்க" என்றான் மகன்.

சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

* * *

பஞ்சாயத்துக்கு முன்னால் வாதி, பிரதிவாதி இருவரின் ஜாதகத்தையும் பார்த்துவிடலாம்.

அம்பாசடரின் பிறந்த ஊர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்று ஒரு கார். அதன் அச்சை வாங்கிவந்து, பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 1957-லிருந்து தயாரித்தது. இங்கிலாந்தில் அந்த மாடலைச் சில வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். நாம் விடவில்லை. மூக்கில் கிரில்லை மாற்றினோம், பின்னால் விளக்கை மாற்றினோம், மார்க் டூ, மார்க் த்ரீ என்று பெயரை மாற்றினோம், உடம்பை மட்டும் மாற்றவே இல்லை. மந்திரிக்கு அதுதான், கலெக்டருக்கு அதுதான், கல்யாண மாப்பிள்ளைக்கும் ஊட்டி டாக்ஸி ஸ்டாண்டுக்கும் அதுதான். நல்ல கார் என்பதால் மட்டும் அல்ல. அந்த நாளில் கார் தயாரிக்க சர்க்கார் லைசென்ஸ் கொடுத்ததே இரண்டு மூன்று கம்பெனிக்குத்தான். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிவு பண்ணும்போது பிறந்த குழந்தை, வண்டி வரும்போது ஸ்கூல் பையோடு ஏறி உட்காரும்.

மாருதி 800 நேர் எதிர். அப்பா ஜப்பான் சுசுகி, அம்மா இந்திய சர்க்கார், பிறந்த இடம் குர்கான். 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் வண்டியின் சாவியை டெல்லி ஹர்பால் சிங் கையில் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. குலுக்கலில் அவருக்கு அடித்த யோகம் அது. விலை நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஜனங்கள் லட்சக் கணக்கில் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். முதல் முதலாகத் தெருவில் பார்த்தவர்கள், 'இது என்ன, சோப்பு டப்பா மாதிரி?' என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அப்புறம் அதையே வாங்கினார்கள். இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றது.

மாருதி வந்துதான் அம்பாசடர் கதை முடிந்தது என்பார்கள். தேதியைப் பார்த்தால் கதை வேறு. மாருதி 800-ன் உற்பத்தியை நிறுத்தியது 2014 ஜனவரியில். அம்பாசடரை நிறுத்தியது அதே 2014 மே மாதம். அதாவது, காலனாக வந்த பையன் நாலு மாசம் முன்னாடியே போய்ச் சேர்ந்தான். கிழவர் இருந்து பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் எண்பது கோடி ரூபாய்க்கு ஃபிரான்ஸின் பெஜோ வாங்கியது. பெயருக்கே எண்பது கோடி! சித்தப்பா இதைச் சொல்லும்போது, அந்தப் பணம் தன் கைக்கு வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

* * *

சமவெளியில் இருப்பவர்களுக்குக் கார் என்பது நாலு சக்கரமும் ஒரு ஹாரனும். மலைக்காரர்களுக்கு அப்படி இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் 1,850. ஊட்டி 2,240. நடுவில் குன்னூர் வரைக்கும் பதினாலு கொண்டை ஊசி வளைவு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினால் முப்பத்தாறு. இந்த மலையில் ஒரு வருஷம் ஓடின வண்டி, கீழே அஞ்சு வருஷம் ஓடினதற்குச் சமம் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். பில் போடும்போதும் அந்தக் கணக்கில்தான் போடுவார்கள்.

மலையில் காருக்கு முதல் எதிரி, காற்று. அதாவது, காற்று இல்லாமை. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நமக்கு மூச்சு வாங்குகிற மாதிரி இன்ஜினுக்கும் வாங்கும். அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜினுக்கு சுமார் 55 குதிரைசக்தி என்றால், ஊட்டிக்கு வந்து சேருவது 44 குதிரைதான். பாக்கி 11 குதிரை மேட்டுப்பாளையத்திலேயே புல் மேய்ந்துகொண்டிருக்கும். மாருதியின் 796 சி.சி.க்கு சுமார் 40 குதிரை. அதில் 32 மேலே வரும். கார்புரேட்டர் வேறு இந்த விஷயம் தெரியாமல் பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோல் அதிகம், காற்று கம்மி, பிளக்கில் கரி.

இரண்டாவது எதிரி, கொதிப்பு. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92, 93-லேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் சமையல்காரர் திண்டாடுவதும், அந்தக் காலத்துக் கார்களின் ரேடியேட்டர் புஸ்ஸென்று ஆவி விடுவதும் ஒரே காரணத்தால்தான். அதனால்தான் பாதி வழியில் பர்லியாரில் வண்டிகள் வரிசையாக பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும். வண்டிக்குத் தண்ணீர், நமக்கு டீ, குரங்குக்கு நம் கையில் இருந்த பழம். பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுவது இன்னொரு வைத்தியம். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால் வண்டி நின்றுவிடும். ஜுரக்காரன் நெற்றியில் பற்றுப் போடுகிற மாதிரி துணியை நனைத்துப் போட்டு, பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் கிளம்பும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி. காலையில் வண்டி எழுந்திருக்காது. அதற்கு மலைக்காரர்கள் கண்டுபிடித்தது ஒரு எளிய மந்திரம்: ராத்திரியே வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவது. காலையில் சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை எடுத்தால் போதும். பூமியே ஸ்டார்ட்டர் மோட்டார்.

* * *

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பரீட்சை. குன்னூரிலிருந்து பர்லியார் வரை இறங்கி, திரும்ப ஏறுவது. முதலில் மாருதி, அப்புறம் அம்பாசடர். இரண்டையும் ஓட்டப்போவது சித்தப்பா மகன். சித்தப்பாவின் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. தொடுகிறார் என்பதும் வீட்டுக்குத் தெரியும்.

நானும் மகனும் மட்டும் மாருதியில் இறங்கினோம். வளைவுகளில் அது திரும்புகிற அழகை ஒத்துக்கொள்ள வேண்டும். நீளமே சுமார் 3.3 மீட்டர். அம்பாசடர் அதைவிட ஒரு மீட்டர் ஜாஸ்தி. பஸ் வந்தாலும் லாரி வந்தாலும் ஓரமாகச் சந்து கிடைத்துவிடும். ஏறும்போது இரண்டாவது கியரில் 'ங்ங்ங்' என்று வண்டு மாதிரி கத்திக்கொண்டு ஏறியது. எடை கிட்டத்தட்ட 650 கிலோதானே! டன்னுக்கு இத்தனை குதிரை என்று கணக்குப் போட்டால் மாருதிக்கு அறுபது, அம்பாசடருக்கு ஐம்பதுகூட வராது.

"பார்த்தீங்களாண்ணா?" என்றான் மகன். ஜெயித்த முகம்.

இங்கேதான் நான் ஒரு குறுக்குக் கேள்வி போட்டேன். மலையில் யார் தனியாகக் காரில் போகிறார்கள்? அஞ்சு பேர், ரெண்டு பெட்டி, ஒரு மூட்டை முட்டைக்கோஸ், ஊருக்குக் கொடுத்துவிட ஒரு பை வர்க்கி. இதெல்லாம் சேர்ந்து 400 கிலோ. இப்போது கணக்கைப் போடுங்கள். மாருதி ஒரு டன் சொச்சம் ஆகிவிட்டது. டன்னுக்கு 38 குதிரை. அம்பாசடர் ஒன்றரை டன் சொச்சம், டன்னுக்கு 35. வித்தியாசம் போன இடம் தெரியவில்லை! இன்னும் ரெண்டு பேரை ஏற்றினால் இரண்டும் சமம். ஏழு பேர் ஏற முடியுமா என்று கேட்காதீர்கள். அம்பாசடரில் ஏழு பேர் என்பது காலி வண்டி.

ஆளில்லாதபோது மாருதி பறக்கிறது. குடும்பம் ஏறினால் அம்பாசடர் சமாளிக்கிறது. இரண்டு காரின் காலத்தையும் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஒன்று கூட்டுக் குடும்பத்து வண்டி. இன்னொன்று, நாம் இருவர் நமக்கிருவர் வண்டி.

* * *

அடுத்து அம்பாசடர். சித்தப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இதற்குள் சின்னம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "நானும் வர்றேன்" என்று பின் கதவைத் திறந்தார்.

ஓட்டியது மகன், வாயால் ஓட்டியது சித்தப்பா. "ரெண்டாவதுக்குப் போ. இப்பவே போ. வளைவுல போய்த் தேடாதே." கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே தடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். புதுசாகப் பிடிப்பவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. முன் சீட்டோ ஒரே பெஞ்சு. திருப்பத்தில் டிரைவர் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வார், அவர் கதவு மேல் சாய்வார்.

ரோட்டோரத்தில் போலீஸ் போர்டு: 'இரண்டாவது கியரில் இறங்கவும்'. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, பெட்ரோல் மிச்சம் பண்ண நியூட்ரலில் இறங்குகிறார்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒன்றரை டன் வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு. நாலு குடம்! காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொள்ளாவிட்டால் அத்தனை சூடும் பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் எத்தனை நேரம் தாங்கும்? டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு போய்விடும். பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. கல்லட்டியில் எத்தனையோ விபத்துகள் இப்படித்தான். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது மலையின் பழைய சட்டம். அதில் அம்பாசடருக்கும் மாருதிக்கும் விலக்கு கிடையாது. நேற்று வாங்கிய வண்டிக்கும் கிடையாது.

குழிகளில் மட்டும் அம்பாசடர் தன் ஜாதியைக் காட்டியது. அதன் சக்கரம் பதினைந்து அங்குலம், மாருதிக்குப் பன்னிரண்டு. மாருதி குழியில் இறங்கி, விசாரித்துவிட்டு ஏறும். அம்பாசடர் குழி இருப்பதைக் கவனிக்காமலே போய்விடும்.

பர்லியாரில் சித்தப்பா, "நிறுத்து" என்றார். "இன்ஜின் சூடாகலைங்களே?" என்றான் மகன். "வண்டிக்கு இல்லடா. எனக்கு" என்று இறங்கி டீக்கடைக்குப் போனார். அறுபது வருஷப் பழக்கம்.

ஏற்றத்தில் மாருதியைவிடப் பத்து நிமிஷம் ஜாஸ்தி ஆனது. ஆனால் கத்தவில்லை. கீழ் ஸ்தாயியில் 'ம்ம்ம்' என்று யோசித்துக்கொண்டே ஏறியது. திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டியரிங்கை இழுத்ததில் மகனுக்கு மட்டும் சட்டை நனைந்துவிட்டது.

* * *

சாயங்காலம் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது.

மகன் தன் கட்சியைச் சொன்னான். பெட்ரோல் கணக்கைத் தேதிவாரியாக எழுதிய நோட்டை எடுத்துவந்தான். 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை அதல பாதாளத்துக்குப் போனபோது, நீலகிரியில் சின்ன விவசாயிகள் பறித்த கூலிக்குக்கூட கட்டாமல் கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். சித்தப்பாவின் மூணு ஏக்கருக்கும் அதே கதி. "அந்த அஞ்சு வருஷம் அம்பாசடருக்குப் பெட்ரோல் போட நமக்கு வக்கு இருந்துதுங்களா அப்பா? மருந்தடிக்க ஆள் கூட்டிட்டு வந்தது, பாப்பாவை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டது, கோயமுத்தூருக்குப் போய் லோனுக்கு அலைஞ்சது, எல்லாம் என் வண்டிதான்."

சித்தப்பா மறுக்கவில்லை. "நெசந்தான்" என்றார்.

நான் நடுவில் ஒரு யோசனை சொன்னேன். 2021-ல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். ஐம்பது வருஷம் தாண்டிய கார்களை 'விண்டேஜ்' என்று பதிவு பண்ணலாம். இருபதாயிரம் ரூபாய் கட்டினால் நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று எழுத்து கிடைக்கும். ஊட்டியில் கோடை சீசனில் பழைய கார் அணிவகுப்பு நடக்கிறதே, அதில் கௌரவமாகப் போகலாம்.

"போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று கேட்டார் சித்தப்பா.

"தினசரி உபயோகத்துக்குக் கூடாதுங்க. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு. அவ்வளவுதான்."

"அப்ப அதுக்குப் பேரு காரா? கொலு பொம்மை."

கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் மியூசியம் 2015-லிருந்து இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாமா என்றான் மகன். சித்தப்பா பதிலே சொல்லவில்லை. தன்னையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்ன மாதிரி அவனைப் பார்த்தார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்பை ஆரம்பிப்பதற்குள், சமையல்கட்டிலிருந்து சின்னம்மா வந்து நின்றார்.

"ஏனுங்க, காலையிலிருந்து குதிரை, கொதிப்பு, கியருன்னு பேசறீங்களே. பின்னாடி உக்கார்றவங்களை யாராச்சும் கேட்டீங்களா?"

மூன்று ஆண்களும் முழித்தோம்.

சின்னம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருக்கிறது. மாருதியில் உட்காருவது தாழ்வாக இருக்கிறதாம். ஏறும்போது இரண்டு தவணை, இறங்கும்போது மூன்று தவணை. அம்பாசடர் சீட்டு நாற்காலி உயரம். அப்படியே உட்கார்ந்து, அப்படியே எழுந்திருக்கலாம். மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய இன்ஜினியரிங் என்ன வேண்டும்?

"அது மட்டும் இல்ல கண்ணு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "எஸ்டேட்ல இருந்தப்ப லைன் வீட்டுல எந்தப் பொம்பளைக்கு ராத்திரி வலி எடுத்தாலும் இந்த வண்டிதான். இவரு முன்னால ஓட்டுவாரு. நான் பின்னால அந்தப் பொண்ணு தலையை மடியில வச்சுட்டு உக்காந்திருப்பேன். கால நீட்டிப் படுக்க இடம் இருந்துச்சு. எத்தனை பேருன்னு கணக்கு வச்சுக்கலை. இவரு என்னமோ தன்னோட வண்டின்னு சொல்லிட்டிருக்காரு. முன் சீட்டுதான் இவரோடது. பின் சீட்டு என்னோடது."

சித்தப்பா வாயே திறக்கவில்லை. மகன் பெட்ரோல் நோட்டை மூடினான்.

"அம்பாசடர் இருக்கட்டும்" என்றார் சின்னம்மா. "ஆனா ஒரு கண்டிசன். நீங்க ஓட்டக்கூடாது. தெரியாம எடுத்துட்டுப் போய் சந்தைக்கு இறங்கறது, அதுவும் கூடாது. சாவி பையங்கிட்ட."

கூடத்தில் கொஞ்ச நேரம் கடிகாரச் சத்தம்தான் கேட்டது. நாற்பத்தாறு வருஷமாக சட்டைப் பையில் இருந்த சாவி. சித்தப்பா மெதுவாக எழுந்து ஆணியில் மாட்டியிருந்த கோட்டிலிருந்து அதை எடுத்து, மகன் கையில் வைத்தார்.

"கிளட்சு கொஞ்சம் மேல பிடிக்கும்" என்றார். "காலையில பார்த்திருப்பே."

"பார்த்தேனுங்கப்பா" என்றான் அவன். சாவியை உடனே பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

* * *

மாருதி என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அதை இரும்புக்கடைக்குக் கொடுக்க மகனுக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷமாக அதற்கு வைத்தியம் பார்த்த மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் வண்டி பார்க்க, டூல் பெட்டியோடு அவர் ஒருவர் மட்டும் போக, அதைவிடத் தோதான கார் கிடையாது. வாரத்துக்கு ரெண்டு தடவை மகன் அதை எதிரே பார்க்கிறானாம். "கையை ஆட்டறதா, ஹாரன் அடிக்கறதான்னு தெரியலைண்ணா" என்றான் ஃபோனில். ஹர்பால் சிங் 2010-ல் காலமான பிறகு, அந்த முதல் மாருதியும் வீட்டு வாசலில் நின்று துருப்பிடித்ததாம். அப்புறம் கம்பெனியே எடுத்துப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தது. எல்லா வண்டிக்கும் அந்த யோகம் வருமா? ஓடிக்கொண்டிருப்பது அதைவிட நல்ல யோகம் என்பது என் கட்சி.

நீலகிரிக்குக் கிளம்பும் வாசகர்களுக்குக் கடைசியாக மூன்று விஷயம். ஒன்று: 2024 மே மாதத்திலிருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று அளவும் வைத்தார்கள். வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு: ரோடு குறுகலான இடத்தில், மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும். இது மரியாதை இல்லை, சட்டம். மூன்று: அந்தப் போர்டைப் படியுங்கள். படித்த பிறகு அதன்படி இறங்குங்கள்.

ஃபியட்காரர்கள், பிரீமியர் பத்மினிக்காரர்கள், சென்னையிலேயே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை இன்னும் துடைத்து வைத்திருக்கும் பெரியவர்கள் எல்லோரும் 'எங்களை ஏன் பரீட்சையில் சேர்க்கவில்லை?' என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வண்டியோடு குன்னூருக்கு வாருங்கள். பின் சீட்டில் சின்னம்மா உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்.